புகையை எடுத்தால் வரும் முகம்

அன்பு மகன் லுபெனுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நான் இருக்கிறேன், வலது முழங்கால் மட்டும் இருக்கவா போகவா என்று கேட்டுக்கொண்டிருக்கிறது, நீயும் மருமகளும் குழந்தையும் அந்தக் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருந்தால் அதுவே எனக்குப் போதும். கப்ரோவோவில் மழை விட்டபாடில்லை, தக்காளிச் செடிகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டேன், இந்த வருஷம் குளிர்காலத்துக்கு முட்டைக்கோஸ் உப்பில் ஊறப்போடவில்லை, ஒற்றை ஆளுக்கு ஒரு பீப்பாய் எதற்கு. எழுதவே அலுப்பாக இருக்கிறது, ஆனால் இதைப் போனில் சொல்ல வராது, நீ சரிப்பா சரிப்பா என்பாய், நானும் வைத்துவிடுவேன்.

அந்தப் புகைப்பட மென்பொருளைப் புதுசாக மாற்றச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருக்கிறாய், பணம் நானே கட்டுகிறேன் என்கிறாய். என்னிடம் இருப்பது குறுந்தகட்டில் வாங்கிப் போட்ட பழசு, காசு கொடுத்தோம், வீட்டுக்கு வந்தது, கதை முடிந்தது. புதியதற்கு மாதா மாதம் வாடகையாம், கட்டுவதை நிறுத்தினால் நான் எடுத்த படத்தை நானே திருத்த முடியாதாம். எங்கள் புகைப்படக் கழகத்துக் கிரில் இதைக் கேட்டுவிட்டு எல்லார் முன்னாலும், “யோவ் ஸ்பாஸ், கப்ரோவோக் கஞ்சன் சாகும்போதுகூட மெழுகுவத்திய ஊதி அணைச்சுட்டுத்தான் கண்ண மூடுவான்னு சும்மாவா சொல்றாங்க”என்றான். சிரித்தால் சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன், நான் எடுக்கிற நாரைக்கும் பனிமூட்டத்துக்கும் பழசே தாராளம்.

என் மனம் ஆடியது உன் அம்மா நெவேனா இறந்த ஆறாம் மாதத்துக்கு ஊரில் ஒட்டுகிற நினைவு அறிவிப்பு நெருங்கியபோதுதான். அடக்கத்தன்றும் நாற்பதாம் நாளும் அவசரத்தில் பாஸ்போர்ட் படத்தைப் போட்டுக் கதவிலும் பேருந்து நிறுத்தத்திலும் ஒட்டினோம், அதில் அவள் போலீஸ் பிடித்து வைத்தவள் மாதிரி முழிக்கிறாள். உயிரோடு இருக்கும்போதே அந்தப் படத்தைக் கண்டால் அவளுக்கு ஆகாது. நாற்பது வருஷம் கேமராக்காரனோடு குடித்தனம் நடத்தியவளுக்கு ஒழுங்காக ஒரு படம் இல்லை என்றால் யார் நம்புவார்கள், நான் கேமராவைத் தூக்கினால் அவள் கையைத் தூக்கி முகத்தை மறைப்பாள், உனக்குத் தெரியாததா. சிரிக்கிற படம் என்று இருப்பது ஒன்றே ஒன்று, போன வருஷம் செப்டம்பரில் கொல்லையில் மிளகாய் சுட்டபோது எடுத்தது. இரண்டு கையிலும் கரிந்த மிளகாய், மறைக்கக் கை இல்லை, அவளுக்குப் பதில் அடுப்புப் புகை வந்து பாதி முகத்தை மறைத்துக்கொண்டது.

புதிய மென்பொருள் புகையை எடுத்துவிடும், அதற்குப் பின்னால் இருப்பதையும் தானே போட்டுக்கொள்ளும் என்றான் கிரில். சில நாள் இலவசமாகப் போட்டுப் பார்க்கலாமாம், போட்டேன். நம் பழைய கணினி மேடேறும் லாரி மாதிரி முனகியது, நான் அடுப்புக்கு விறகு வைத்துவிட்டு வந்து பார்த்தால் புகை இல்லை, பளிச்சென்று ஒரு முழு முகம். முதலில் எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்ல மாட்டேன். பார்க்கப் பார்க்க எங்கோ இடித்தது, எது என்று சொல்லத் தெரியவில்லை. அதனால்தான் உனக்கு அனுப்பினேன். நீ உடனே, அம்மாவேதான்ப்பா, அச்சு அசல், இதையே போடு, இன்றைக்கே பணம் கட்டிவிடுகிறேன் என்று எழுதினாய்.

மறுநாள் பக்கத்து வீட்டு ராத்கா, அம்மாவின் பெயரில் எல்லாருக்கும் கொடுக்கிற கோதுமையை எவ்வளவு வேகவைக்க வேண்டும் என்று கேட்க வந்தாள், திரையில் படம் திறந்திருந்தது. எட்டிப் பார்த்துவிட்டு, “லட்சணமா இருக்காங்களே, யாருண்ணே இது, நெவேனாக்காவுக்குச் சொந்தமா?”என்றாள். புகையோடு இருக்கிற படத்தைத் திறந்து காட்டினேன், “இதோ இருக்காளே எங்கக்கா! மிளகா சுட்ட அன்னிக்கு என் மூக்கத்தான் கிண்டல் பண்ணிக்கிட்டிருந்தா, பாவி”என்று சிரித்தவள் அப்படியே உட்கார்ந்து அழுதாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது. சிரித்தால் உன் அம்மாவுக்கு இடது கண் முழுக்க மூடிவிடும், வலது கண் மட்டும் பாதி திறந்து எதிரில் இருப்பவரை நோட்டம் பார்க்கும். புகைக்குள் போனது இடது கண். அந்த மென்பொருள் வலது கண்ணைப் பார்த்து அதே மாதிரி இன்னொன்று செய்து வைத்திருக்கிறது.

மென்பொருளை நான் குறை சொல்ல மாட்டேன், அது அவளைப் பார்த்ததில்லை. நீ பார்த்தவன். கோபம் இல்லை லுபென், ஆனால் வருத்தம் இருக்கிறது, மறைத்து என்ன பயன். எட்டு வருஷமாகக் கைபேசித் திரையில் விட்டு விட்டுத் தெரிந்த முகம்தானே உனக்கு மிச்சம், அடக்கத்துக்கு வரவும் உன் குடியேற்றக் காகிதங்கள் விடவில்லை. போ போ, இங்கே என்ன இருக்கிறது என்று உன்னைப் பிளேனில் ஏற்றியவர்களும் நாங்கள்தான். இதை யாரிடம் போய்ச் சொல்ல.

ஆகவே எனக்குப் புதியது வேண்டாம், பணம் கட்டாதே. பழசிலேயே படத்தைக் கொஞ்சம் வெளிச்சமாக்கி, ஓரத்தை வெட்டி, புகையோடே அச்சுக்குக் கொடுத்தேன். “அறிவிப்புல பாதி மூஞ்சி புகையா? ஊரே சிரிக்கும்யா”என்று கிரில் தலையில் அடித்துக்கொண்டான். நேற்று ஒட்டிவிட்டேன். பேருந்துக்கு நின்றவர்கள் பார்த்துவிட்டுச் சிரிக்கத்தான் செய்தார்கள், சிரித்துவிட்டு, இறந்தவர்களுக்குச் சொல்கிறபடி கடவுள் அவளை மன்னிக்கட்டும் என்று சொல்லி ஆளுக்கு ஒரு பிடி கோதுமை வாங்கிக்கொண்டார்கள்.

குழந்தையைக் குல்லாய் இல்லாமல் வெளியே விடாதே. உங்கள் மூன்று பேரையும் கடவுளின் தாய் காக்கட்டும், மருமகளுக்கு என் ஆசி. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, மே மாதம் அம்மாவின் ஓராண்டு. எப்படியாவது வந்துவிடு. வந்து நாலு நாள் என் எதிரே உட்கார்ந்து என்னை நன்றாகப் பார்த்துவிட்டுப் போ. என் அறிவிப்புக்குப் படம் எடுத்துக் கொடுக்க வேண்டியவன் நீதான்.

இப்படிக்கு,
உன் அப்பா
ஸ்பாஸ்