மாதா கூட்டடி வளைவு

பாலெர்மோ,
வியாழக்கிழமை.

என்ரை குஞ்சு,

அம்மா எழுதுறன். சுகமோ எண்டு கேட்டுத்தான் கடிதம் தொடங்கிறது. உன்னட்டை அதைக் கேக்கேலாமல் போய் ஒரு வருசமாகுது. எனக்கு ஓரிடத்திலை இருப்புக் கொள்ளுதில்லை. வேலைக்குப் போற சிஞ்ஞோறா வீட்டிலை துடைச்ச யன்னலையே திரும்பவும் துடைக்கிறன். கண்ணாடி தேய்ஞ்சு போகப்போகுது சூசையம்மா எண்டு அவ பகிடி பண்ணுறா.

விசயம் இதுதான். வாற ஞாயிறு றொக்காலுங்காவிலை கார்ப் பந்தயம். கார் பள்ளத்திலை உருண்டு நீ எங்களை விட்டுப் போன அதே பந்தயம். கொண்ணன் றெஜி திரும்ப ஓடப்போறானாம். பக்கத்திலை இருந்து வளைவு சொல்லுற உன்ரை சீற்றிலை அவன்ரை கூட்டாளி றஞ்சித் இருக்கப்போறானாம். உன்ரை வளைவுக் கொப்பியை வாசியுங்கோ, போனிலை பதியிறன் எண்டு றெஜி ஒரு கிழமையாய் என்ரை பின்னாலை திரியிறான். அவங்கள் ரெண்டு பேருக்கும் தமிழ் கதைக்கத்தான் தெரியும், எழுத்துத் தெரியாது. நான் படிச்ச அஞ்சாம் வகுப்பை வைச்சு உனக்கு மட்டுந்தானே குசினியிலை சொல்லித்தந்தன். மை ஊறிப்போச்சு, விளங்கேல்லை எண்டு பொய் சொல்லிப் பாத்தன். கண்ணாடியைப் போட்டிட்டுச் சொல்லுங்கோ எண்டான்.

அந்த ஊருக்கு இந்தக் கார்ப் பைத்தியம் நூறு வருசமாய் இருக்காம். சிஞ்ஞோறாவும் அந்த ஊர்தானே. அவவின்ரை தகப்பன் கிழமை முழுக்கச் சீஸ் ஏத்தித் திரிஞ்ச காரிலைதான் ஞாயிறு ஓடினவராம். வெண்டு வந்தும் மணத்திலை ஒருத்தரும் கிட்டப் போகேல்லையாம். கதவிலை சுண்ணாம்பாலை நம்பர் கீறுவினமாம். சுவாமியார் எல்லாக் காருக்கும் தீர்த்தம் தெளிப்பார். போன வருசம் உன்ரை தலையிலையும் பட்டது. நீ சிரிச்சாய்.

இன்னொரு வழக்கமும் இருக்கு. ஓடேக்கை ஆரும் செத்தால் அந்த நம்பரை ஒரு வருசம் வைச்சிருப்பினம். அடுத்த வருசம் அந்த வீட்டு ஆள் ஓடாட்டில், மியூசியச் சுவரிலை மாட்டிப்போடுவினம். பிறகு ஒருத்தரும் அதிலை ஓடேலாது. உங்கடை நாப்பத்தேழு சுவருக்குப் போகக்கூடாதெண்டு றெஜி நிக்கிறான். உனக்கு நம்பர் பெரிசோ நான் பெரிசோ எண்டு கத்தினன். சாப்பாட்டை அப்பிடியே விட்டிட்டு எழும்பிப் போட்டான். நான் வாசிக்காட்டிலும் ஓடுவான். வளைவு தெரியாமல் ஓடுவான். அதாலைதான் நேற்று வேலையாலை வந்து கொப்பியைத் திறந்தன்.

நீ வலம், இடம் எண்டு எழுதேல்லை. சின்னனிலை நான் சொல்லித்தந்த மாதிரிச் சோத்துக்கைப் பக்கத்துக்குச் "சோ", மற்றக்கைக்கு "ம". எனக்குச் சிரிப்பும் வந்திட்டுது. நீ பிறவியிலை இடக்கைக்காரி. அந்தக் கையாலைதான் சோறு அள்ளுவாய். அகப்பைக் காம்பாலை தட்டித் தட்டி மாத்தினன். மாத்தின பிறகும், அவசரத்திலை சோத்துக்கை எது எண்டு கேட்டால் இடக்கைதான் முதல் எழும்பும்.

நடுப்பக்கத்திலை "மாதா கூடு, சோ, இறுக்கி" எண்டு எழுதியிருக்கிறாய். பிள்ளை, றோட்டோரம் மாதா சுரூபம் நிக்கிற அந்த இடத்துக்கு நான் மாதாமாதம் பஸ்சிலை போய்ப் பூ வைக்கிறன். றோட்டு அதிலை இடப்பக்கந்தான் திரும்புது. வலப்பக்கம் பள்ளம்.

றெஜி பொலிசிலையும், கோயிலிலையும், எனக்கும், தான் பிறேக் பிந்திப் பிடிச்சது எண்டுதான் சொன்னவன்; நீ அதிலை என்ன சொன்னனி எண்டு ஒருத்தருக்கும் சொல்லேல்லை. நானும் நம்பி மூண்டு மாதம் அவனோடை முகங்குடுத்துக் கதைக்கேல்லை.

இண்டைக்குப் பின்னேரம் வாசிச்சுக் குடுத்தன். மாதா கூடு வந்தவுடனை நீ எழுதின "சோ"வை விரலாலை மறைச்சன். பிறகு "ம" எண்டன். அவன் போனை நிப்பாட்டிப்போட்டு, அப்பிடியோ அம்மா எழுதியிருக்கு எண்டு கேட்டான். ஓம் எண்டன். என்ரை விரலைப் பாத்தான். பிறகு, மிச்சத்தையும் வாசியுங்கோ எண்டான். கடைசி வளைவு வரைக்கும் வாசிச்சன்.

ஞாயிறு மலை இறங்கும் மட்டும் கொண்ணனோடை இரு. மாதா உன்னைத் தன்ரை கைக்குள்ளை வைச்சிருக்கட்டும்.

உன்ரை அம்மா,
சூசையம்மா

ஒண்டு மட்டும் சொல்லு பிள்ளை. அண்டைக்கு அந்த வளைவிலை நீ கொப்பியைப் பாத்து வாசிச்சியோ, றோட்டைப் பாத்துச் சொன்னியோ?