குடத்துக்குள் எட்டிப் பார்த்த மந்திரி

சார்,

இன்று காலைப் பத்திரிகையில் ஒரு படம். நம் நாட்டு மந்திரி ஒருவர் ஆப்பிரிக்கக் கிராமம் ஒன்றில், நாம் கொடுத்த பணத்தில் போட்ட அடிகுழாயைத் திறந்து வைக்கிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள். மொழிபெயர்ப்பவர் எங்கே நிற்கிறார் என்று தேடினேன். உங்கள் ஞாபகம் வந்துவிட்டது.

கூலிக்காகவும் குடியிருப்பு மனைக்காகவும் பண்ணையும் கூலிக்காரத் தெருவுமாக நம் ஊர் இரண்டுபட்டுக் கிடந்த காலம். வெள்ளைக்கார நாடு ஒன்றில் வெளிநாடுகளுக்கு உதவுவதற்கென்றே ஒரு மந்திரி இருக்கிறார், அவர் இங்கே வருகிறார் என்றார்கள். "அடுத்த நாட்டைப் பாத்துக்க ஒரு மந்திரியா? அப்ப அவரு தொகுதிய யாரு சார் பாத்துக்குவா?" என்று ஆசிரியர் அறையில் கேட்டீர்கள்.

கூலிக்காரத் தெருவுக்கென்று அவர் நாடு கொடுத்த குழாய், வழி தவறிப் பண்ணையார் களத்தில் இறங்கியிருந்தது. விழாவில் தெருப் பெண்கள் குடத்தோடு வரிசையாக நிற்கவேண்டும் என்பது தாசில்தார் உத்தரவு. விருந்தாளி முன்னால் வெறுங்குடத்தோடு நிற்பார்களா? வாய்க்காலில் மொண்டு நிறைகுடமாகவே கொண்டுவந்துவிட்டார்கள்.

மந்திரி முதல் குடத்துக்குள் எட்டிப் பார்த்தார். டீ நிறத்தில் தண்ணீர். எங்கே எடுத்தது என்றார். மொழிபெயர்க்க நின்ற நீங்கள், அந்தக் குடத்தைக் கொண்டுவந்த அஞ்சலையிடம் கேட்டீர்கள்.

"வாய்க்காத் தண்ணிங்க."

"இந்தக் குழாய்ல அடிக்கலையாம்மா?"

"பண்ணைக் களத்துல நாங்க எப்படிங்க கால் வைக்கிறது? இன்னைக்கு நீங்க வர்றதால உட்டாங்க."

தாசில்தார் உங்கள் காதருகே குனிந்தார். "அம்மா ரொம்ப சந்தோஷமா இருக்காங்கன்னு சொல்லிடுங்க சார், போதும்."

நீங்கள் ஒரு வார்த்தை விடாமல் ஆங்கிலத்தில் சொன்னீர்கள். மந்திரி ரிப்பனை வெட்டாமல் கத்தரிக்கோலைத் தட்டில் வைத்தார்.

இரண்டே மாதத்தில் தெருவுக்குக் குழாய் வந்தது. உங்களுக்கு வேதாரண்யத்துக்கு மாற்றல் வந்தது. நல்ல தண்ணீரைப் பற்றிப் பேசியவரை உப்பளத்துக்கு அனுப்பும் அளவுக்கு அரசாங்கத்தில் ரசனை உள்ளவர்கள் இருந்திருக்கிறார்கள்.

பஸ் ஏறும்போது, "ஏன் சார் இந்த வம்பு?" என்றேன்.

"அந்தம்மா சொன்னாங்க. அத நான் எப்படி மாத்திச் சொல்றது?" என்றீர்கள்.

உங்களிடம் சொல்லாத ஒன்று. மொழிபெயர்க்கத் தாசில்தார் முதலில் கூப்பிட்டது என்னைத்தான். நான் குடியிருந்தது பண்ணையார் வீட்டில். தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டேன். கட்டவில்லை.

அன்று உங்கள் இடத்தில் நான் நின்றிருந்தால், அஞ்சலை ரொம்ப சந்தோஷமாக இருந்திருப்பாள்.