உன் த்ரோ நேராகத்தான் வந்தது

உன் பேஸ்பால் கிளவ்வை நேற்று உன் மனைவி என்னிடம் கொடுத்தார். முகர்ந்து பார்த்தேன். தோல் வெடிக்காமலிருக்க நீ தேய்த்த தேங்காய் எண்ணெய் இன்னும் மணக்கிறது. தாம்பரத்திலேயே கிளவ்வுக்கு எண்ணெய் தேய்த்துத் தலைவாரி விடுபவன் நீ ஒருவன்தான் என்று கேலி செய்வேன்.

ஊரே கிரிக்கெட் ஆடியபோது நாம் பேஸ்பாலுக்குப் போனோம். முதல் ஆட்டத்தில் நீ பந்தை அடித்துவிட்டு, கீழே போட்டுவிட்டு ஓடவேண்டிய மட்டையோடு ஓடிப்போய், முதல் பேஸ் என்கிற சதுர மெத்தையில் மட்டையை வைத்தாய். எல்லோரும் சிரித்தார்கள். "ரன் ஓடுனா பேட்டோடதான் ஓடணும், இன்னா சிரிப்பு?" என்று அவர்களையே முறைத்தாய். ஒரே வருடத்தில், இரண்டாவது மூன்றாவது பேஸுக்கு நடுவே உன்னைத் தாண்டிப் பந்து போகாது என்றானது.

எனக்குத்தான் கிரிக்கெட் பழக்கம் போகவில்லை. மாநில அணிக்கு ஆள் எடுக்க வந்திருந்த அன்று, கடைசி ஆளை அவுட்டாக்க நீ எறிந்த பந்து நேராக முதல் பேஸில் நின்ற என் கைக்கு வந்தது. பேஸில் கால் வைத்தபடி பந்தைப் பிடித்தாலே போதும், ஓடிவருபவன் அவுட். நானோ விக்கெட் கீப்பர் மாதிரி காலை எடுத்து, பந்தைப் பிடித்து, கையால் பேஸைத் தட்டக் குனிந்தேன். அதற்குள் ஓடிவந்தவன் பேஸை மிதித்துவிட்டான். தோற்றோம்.

"த்ரோ கோணலா போச்சா?" என்று கோச் கேட்டார். நீ என் முகத்தைப் பார்த்தாய். "ஆமா சார், கை வழுக்கிடுச்சு" என்றாய். நான் வாயைத் திறக்கவில்லை.

நான் தேர்வானேன், ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் அரசு வேலையும் கிடைத்தது. நீ திருமுடிவாக்கத்துப் பட்டறையில் லேத் ஓட்டினாய். ஞாயிறுதோறும் ஆள் குறையும் அணி எதுவானாலும் போய் ஆடினாய், நாற்பத்தைந்து வயது வரை. நான் பேச்செடுத்தால், "வுட்றா மச்சான், அட்த்த பால் வந்துகினு கீது, அத்தப் பாரு" என்பாய். நானும் சௌகரியமாக விட்டுவிட்டேன். வெட்கமாக இருக்கிறது.

வரும் ஞாயிறு உன் நினைவாக ஆட்டம். பேச என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். 'அந்த ஒரு த்ரோ தவறாமல் இருந்திருந்தால்' என்று நோட்டீஸில் போட்டிருக்கிறார்கள். அதை அப்படியே நிற்க விடமாட்டேன். காலை எடுத்தவன் நான் என்று மைக்கில் சொல்லப்போகிறேன்.

நேற்று உன் மனைவியிடம்தான் முதலில் சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

"அவரு இருக்கசொல்லோ இத்த நாலு பேர் முன்னாடி சொல்லியிருக்கலாமேண்ணா" என்றார்.

அவர் கேட்டதையும் சேர்த்தே மைக்கில் சொல்வேன்.