நாலாவது வரி

தை 8, ஞாயிறு
கிழக்குக் காற்று. வாயெல்லாம் புழுதி. உரக்கடை அரை நாள். சாப்பிட்டுவிட்டு கொல்லங்கோட்டுக் கொட்டகையில் மேட்னி. புது மலையாளப் படம், சிரிப்புப் படமாம். பழனியைக் கூப்பிட்டேன். களம் மெழுகணும் என்றான். அறுப்புக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது. இப்போதே என்ன களம் மெழுகுவது? இருக்கட்டும், குறித்து வைக்கிறேன்.

படம் அருமை. ஒரு பையன், பஸ் ஸ்டாப்பில் ஒரு பெண். எட்டுப் பக்கம் கடிதம் எழுதிச் சிநேகிதனிடம் கொடுத்துவிடுகிறான். அவள் மாட்டேன் என்கிறாள். சோறு வேண்டாமென்று குப்புறப் படுத்தவன் அடுப்படியில் சட்டியும் கையுமாகப் பிடிபடுகிறான். நானும் அப்படித்தான். போன ஐப்பசியில் ச. மாட்டேன் என்று எழுதிய அன்று பட்டினி கிடப்பதாக இருந்தேன், ஏழு ஆப்பம் உள்ளே போனது. எண்ணியது அண்ணி. (ச. பெயரை முழுதாக எழுத மாட்டேன். அண்ணி இந்த நோட்டைப் புரட்டுகிறாள் என்று சந்தேகம்.)

அவன் கடிதத்தை யாரோ வகுப்பில் சத்தமாகப் படிக்கும் இடத்தில் கொட்டகையே சிரித்து உருண்டது. நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

இடைவேளைக்குப் பிறகுதான் வினை. அந்தப் பெண் பதிலே எழுதவில்லையாம். சிநேகிதனே எழுதிக் கொடுத்திருக்கிறான், அவனுக்கும் அவள் மேல் ஒரு கண். எல்லாரும் கை தட்டினார்கள். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. என் கடிதத்தைக் கொண்டுபோனது பழனி. பதிலைக் கொண்டுவந்ததும் பழனி.

தை 9, திங்கள்
தூக்கம் சரியில்லை. காலையில் பெட்டியிலிருந்து ச.வின் பதிலை எடுத்துப் பார்த்தேன். நாலே வரி.

எனக்கு விருப்பமில்லை.
இனிமேல் எழுத வேண்டாம்.
வழியில் நிற்கவும் வேண்டாம்.
உங்கள் மேல் மரியாதை உண்டு.

முதல் மூன்றும் இடி. நாலாவதற்காகத்தான் காகிதத்தை வைத்திருக்கிறேன். மரியாதை இருந்தால் மற்றது பின்னால் வரலாம் அல்லவா. மூன்று மாதமாக அந்த நம்பிக்கையில்தான் சவரம் செய்துகொள்கிறேன்.

பழனி மேல் சந்தேகங்கள்:
1. ச. வீட்டுக்கு அடுத்த வீடு. நினைத்த நேரம் உள்ளே போகிறான், மோர் குடிக்கிறான்.
2. பதிலைக் கொடுத்தபோது என் முகத்தைப் பார்க்கவில்லை.
3. பொங்கலுக்கு நீலச் சட்டை. யாருக்காக?
4. படத்துக்கு வரவில்லை. பாலக்காட்டில் முன்னாலேயே பார்த்திருப்பானோ?
5. அவன் கையெழுத்தை நான் பார்த்ததே இல்லை. பத்து வருஷச் சிநேகிதத்தில் ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. வேண்டுமென்றே?

சாயங்காலம் மறுபடி படம். சிநேகிதனின் முழியை நன்றாகப் பார்த்துக்கொண்டேன். பழனி முழிதான்.

தை 11, புதன்
எழுத்து இன்று கோணல்.

மத்தியானம் ச. தன் அப்பாவோடு கடைக்கு வந்தாள். கத்தரிச் செடிக்குப் பூச்சி மருந்து. பொள்ளாச்சியிலிருந்து வந்த பொட்டலம். அவர் வெளியே வண்டிக்காரனோடு பேசப் போனார். அவள் பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினாள்.

“ஏனுங்க, இதுல என்ன போட்டிருக்குதுங்க? எனக்குத் தமிழு படிக்கத் தெரியாதுங்க. இஸ்கூல்ல மலையாளந்தானுங்க.”

படித்துச் சொன்னேன். நாளெல்லாம் தமிழ் பேசுகிறவளுக்கு ஓர் எழுத்து தெரியாது! எங்கள் ஊர் கேரளத்துப் பக்கம்; நான் மாமா வீட்டில் இருந்து பொள்ளாச்சியில் தமிழ் படித்தவன், எனக்கு இது தோன்றவே இல்லை. எட்டுப் பக்கம், அத்தனையும் தமிழில். என் முட்டாள்தனம் கிடக்கட்டும். அப்படியானால் அந்த நாலு வரி யார் எழுதியது?

தை 12, வியாழன்
பழனியின் களத்துக்குப் போனேன். மெழுகிக்கொண்டுதான் இருந்தான், முழங்கை வரை சாணி. சாணிக்குத் தட்டுப்பாடாம், இரண்டு மூன்று தடவையாக மெழுகுகிறானாம். நல்ல சாக்கு.

பதிலை எழுதியது நீதானே என்றேன்.

“ஆமாண்டா. நாந்தான் எழுதுனேன்.”

அவ்வளவுதான். ஒரு விளக்கம் இல்லை. சினிமாவில் வரும் துரோகிச் சிநேகிதனும் நீயும் ஒன்று, உன் மூஞ்சியில் முழிக்க மாட்டேன் என்று கூலியாட்கள் முன்னாலேயே கத்தினேன். நாய் என்றும் சொன்னேன். கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டான். குற்றமுள்ளவன் அப்படித்தான் போவான்.

இரவு நன்றாகச் சாப்பிட்டேன். ச.வுக்கு ஒன்றும் தெரியாது. அவள் மாட்டேன் என்று சொல்லவே இல்லை!

தை 14, சனி
காற்று இன்று கொஞ்சம் குறைவு.

ச. தையல் வகுப்புக்குப் போகும் பஸ் ஸ்டாப். சவரம், வெள்ளைச் சட்டை. துணைக்கு வந்த பெண் தள்ளி நின்றாள். பழனி உங்களை ஏமாற்றிவிட்டான், என் கடிதத்துக்கு அவனாகவே பதில் எழுதிவிட்டான் என்று ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்தினாள்.

“எழுதுனது அவங்க. சொன்னது நானுங்க. எங்கூட்டுக்குப் பொள்ளாச்சிக் கடுதாசி எது வந்தாலும் அவங்கதானுங்க படிச்சுச் சொல்றது. உங்களதையும் படிக்கச் சொன்னேன்.”

மூன்று வரியையும் விரல் மடக்கிச் சொன்னாள். வரிசை கூடத் தப்பவில்லை. அப்படியானால் மரியாதை, என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“அது நான் சொல்லலீங்களே. உங்க கடுதாசியக் கேட்டுச் சிரிச்சுப்போட்டேன்னு எழுதச் சொன்னேன். அது மட்டும் எழுத மாட்டேன்னுட்டாங்க.”

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள். கோபமாகக் கூட இல்லை.

அவமானம். கொட்டகையில் நான் சிரித்த சிரிப்பு இன்னும் காதிலேயே இருக்கிறது. அதைவிட அவமானம், களத்தில் நான் கத்தியது.

தை 15, ஞாயிறு
படம் இன்றோடு கடைசி. பழனி வீட்டு வழியில் இரண்டு தடவை போய்த் திரும்பினேன். மூன்றாவது தடவை அவனே பார்த்துவிட்டான். களம் காய்ந்து பளிச்சென்று இருந்தது. மன்னிச்சுக்கோ என்று சொல்லத்தான் போனேன். வாயில் வந்தது வேறு. மேட்னிக்கு வருகிறாயா என்றேன்.

கையிலிருந்த துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தான்.

“அந்தச் சிநேகிதன் கடைசியில என்னடா ஆகுறான்?”

அடி வாங்குவான், ஒரு தப்பும் செய்யாமல் வாங்குவான் என்றேன். படத்தில் அப்படி இல்லை. கண் கலங்கிவிட்டது. பழனி உள்ளே போய் நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தான். யாருக்காக எடுத்தது என்று கேட்கவில்லை.