எந்த முழங்கால்?

தம்மாம், சவூதி அரேபியா,
நவம்பர் 1976

அன்புள்ள அம்மாவுக்கு ஜலஜா நமஸ்காரம் செய்து எழுதுவது. நானும் இவரும் சௌக்கியம். முழங்கால் வலி குறையவே இல்லை என்று நீ எழுதிய கடிதம் நேற்று வந்தது. படித்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

இவர் ஆபீசில் அமெரிக்கர்கள் அதிகம். தலைக்கவசம் போட்டுக்கொண்டு மோதும் அவர்கள் ஊர்ப் பந்தாட்டப் பைத்தியம் இவரையும் பக்கத்து வீட்டு உமாபதியையும் பிடித்துக்கொண்டது. போன சங்கடஹர சதுர்த்தியன்று எங்கள் கூடத்தில் அந்த ஆட்டக்காரப் பையன் ஒருவனைப் பற்றித்தான் பேச்சு.

“இடது முழங்கால்ல அடியாம் சார். ஞாயித்துக்கிழமை இறங்க மாட்டானாம்” என்றார் உமாபதி.

“அவன் இல்லேன்னா நம்ம டீம் அவ்வளவுதான்!” என்றார் இவர்.

“நம்ம டீமா? அந்தப் பந்தைத் தொட்டாவது பார்த்திருக்கேளா?” என்று சிரித்தேன். ஆனாலும் யார் பெற்ற பிள்ளையோ என்று மனசு பதறியது.

அன்றைய விரதம் உனக்காகத்தான். சந்திரனைப் பார்த்துவிட்டு, இந்த ஊரில் வெளியே வைக்க முடியாமல் அலமாரிக்குள் இருக்கும் பிள்ளையாருக்கு விளக்கேற்றி, முழங்காலைச் சரியாக்கு என்று கும்பிட்டேன். அப்போது கண்ணுக்குள் நின்றது அந்தப் பையன்தான் அம்மா. ஞாயிறன்று அவன் இறங்கி ஓடினானாம். செய்தி வந்ததும் நானும் கை தட்டினேன்.

அடுத்த சதுர்த்திக்கு வீட்டில் பந்துப் பேச்சே கூடாது என்று சொல்லிவிட்டேன். யாராவது இங்கே வந்தால் நம் கோயில் விபூதி கொடுத்தனுப்பு.

தபாலில் சேர்க்க இவர் வாசலில் நிற்கிறார். உனக்கு வலிப்பது எந்தக் கால் என்று மறக்காமல் எழுது. அதை நான் கேட்கவே இல்லையே.

ஜலஜா