கட்டிலோரத்து பிளக் பாயின்ட்

நியூபோர்ட், ஆரிகன்
நவம்பர், வியாழக்கிழமை

என் வெண்டலுக்கு,

இந்த அகாலத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். நம் குட்டி ஓப்பல் இப்போதுதான் இருமல் அடங்கித் தூங்கினாள். அலாஸ்காவுக்குப் போகும் தபாலைக் காலையிலேயே எடுத்துவிடுவார்கள். அதைத் தவறவிட்டால் உன் மீன்பிடிக் கப்பல் மறுபடி கரை தொடும்வரை இது உன் கைக்கு வராது.

உன் கடிதம் கிடைத்தது. மாதக் கடைசியில் உன் தம்பி டாரல் வந்து நாம் குடியிருக்கும் வண்டி வீட்டை இழுத்துப் போய் விற்கட்டும், நான் குழந்தையோடு பாய்ஸியில் என் அம்மா வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்று எழுதியிருந்தாய். கட்டிலோரத்து பிளக் பாயின்ட் புகைந்ததை நான் உனக்கு எழுதியதால் வந்த வினை. கடல் நடுவே அதைப் படித்துவிட்டு நீ எப்படித் தூங்கியிருப்பாய் என்று எனக்குத் தெரியும். நான் மட்டும் என்ன, ஓப்பலின் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்துக்கொண்டேதான் கிடந்தேன்.

ஆனால் அதை மாற்றிவிட்டேன், வெண்டல். அதை மட்டுமல்ல, வண்டியிலிருக்கும் அத்தனை பாயின்டையும். நானே.

இங்கே எல்லோரும் செய்கிற தப்பைத்தான் நாமும் செய்தோம். மின்சாரம் வண்டி நிறுத்தும் இட வாடகையோடு சேர்ந்தது, கேஸ் சிலிண்டர் நம் செலவு. அதனால் குளிர் வந்தால் இந்த வரிசையில் ஒருவரும் வண்டியோடு வந்த கேஸ் ஹீட்டரைக் கொளுத்தி வண்டியைச் சூடாக்குவதில்லை. ஆளுக்கொரு மின்சார ஹீட்டரை இரவெல்லாம் ஓடவிடுகிறோம். வண்டிக்கான பாயின்டில் கம்பியைத் திருகி முடுக்குவது கிடையாது. உள்ளே பல் போன்ற பிளவுகள் இருக்கும், அவற்றில் கம்பியை அழுத்திவிடுவதுதான். நெடுஞ்சாலையில் குலுங்கக் குலுங்க அந்தப் பிடி தளர்ந்துவிடுகிறது. தளர்ந்த இடத்தில் ஹீட்டரை மாட்டினால் சுடாமல் என்ன செய்யும்?

முதலில் விவரம் தெரியாமல் வீடுகளுக்குப் போடும் பாயின்டை வாங்கி வந்துவிட்டேன். பொருத்தப் பார்த்தால் அதன் முதுகு வண்டியின் வெளித்தகரத்தில் போய் முட்டுகிறது. பக்கத்து வண்டி ஆர்லின், இறால் ஆலைக்கு வேலைக்குப் போகிறவள், படியில் நின்று காபி குடித்தபடி, “அடியே, இது சுவரா, ரொட்டித் துண்டுடி. இன்னும் கொஞ்சம் அழுத்து, நான் இந்தப் பக்கத்துலேர்ந்து என் டோஸ்டரை மாட்டிக்கிறேன்” என்றாள். எனக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டு, வண்டிச் சாமான் கடையில் சரியானதை வாங்கினேன்.

வெளியே மின்கம்பத்தில் பிரேக்கரை இறக்கி, நம் கேபிளையும் உருவி உள்ளே கொண்டுவந்து வைத்துக்கொண்டேன். என்னை மீறி யாரும் மாட்டிவிடக் கூடாதே. புகைந்ததைப் பெயர்த்தெடுத்தேன். முதுகு உருகிப்போயிருந்தது. அதை எதிர்பார்த்துத்தான் திறந்தேன். ஆனால் மனசு கேட்காமல் ஓப்பலின் தொட்டிலுக்குப் பின்னாலிருந்ததையும் கழற்றினேன். வெளியே பளிச்சென்று இருந்தது, விளக்கு மாட்டினால் எரிந்தது. உள்ளே கம்பியின் தோல் பொரிந்து, தொட்டதும் உதிர்ந்தது. அந்தப் பலகையில் முதுகைச் சாய்த்துத்தான் அவள் தினமும் தூங்கியிருக்கிறாள்.

 மிச்சத்தையும் கழற்ற ஆரம்பித்தேன். கருகிய நுனிகளை நல்ல செம்பு தெரியும்வரை வெட்டினேன். கறுப்புக் கம்பி கறுப்பின் இடத்தில், வெள்ளை வெள்ளையின் இடத்தில், வெறுங்கம்பி நடுவில் என்று வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி அழுத்தினேன். ஓப்பல் ஆர்லினின் இடுப்பில் உட்கார்ந்துகொண்டு என்னை வேடிக்கை பார்த்தாள்.

அந்த நேரம் பார்த்தா உன் தம்பி வந்து நிற்க வேண்டும்? மாதக் கடைசிக்கு முன்னாலேயே, லாரியோடு. உள்ளே தலையை நீட்டி, “என்ன அண்ணி, வண்டியைத் தோலுரிச்சு வச்சிருக்கீங்க? நான் விக்க வந்தேனா, அடக்கம் பண்ண வந்தேனா?” என்றான். வந்த கையோடு டார்ச்சைப் பிடி என்றேன். பிடித்தான்.

முடித்ததும் கேபிளைக் கம்பத்தில் மாட்டி, கம்பிகள் சரியாகச் சேர்ந்திருக்கின்றனவா என்று காட்டும் சோதனை விளக்கை ஒவ்வொரு பாயின்டிலும் செருகிப் பார்த்தோம். எல்லாவற்றிலும் சரி என்று காட்டும் விளக்குகளே எரிந்தன. டாரல் நம்பவில்லை. ஹீட்டரை மாட்டி ஓடவிட்டு, எதிரே உட்கார்ந்து, அடிக்கடி புறங்கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். சூப் வைத்துக் கொடுத்தேன், குடித்தான். மறுபடி தொட்டான். கடைசியில், “எங்க அண்ணன் செஞ்சிருந்தா இதுல ரெண்டு கோணலா நிக்கும்” என்றான். உன் தம்பி வாயிலிருந்து இதற்கு மேல் பாராட்டு வராது என்பது உனக்கே தெரியும். நீ பார்த்திருக்க வேண்டும், வெண்டல். ஒன்றுகூடக் கோணல் இல்லை.

இனி மின்சார ஹீட்டரைச் சின்ன சூட்டில்தான் வைப்பேன், அதுவும் நான் விழித்திருக்கும்போது மட்டும். இரவில் கேஸ் ஹீட்டர்தான். இதோ இப்போதும் அதுதான் ஓடுகிறது. தூங்கப் போகுமுன் ஒவ்வொரு பாயின்டின் மூடியையும் தொட்டுப் பார்க்கிறேன். இந்தப் பழக்கம் என்னை விட்டுப் போகாது போலிருக்கிறது. போக வேண்டாம்.

என் அம்மா நல்லவள்தான். எனக்கும் ஓப்பலுக்கும் மாடியறையைத் துடைத்து வைத்திருக்கிறாளாம். நீ கரைக்கு வந்தால் எங்கே தங்குவாய் என்று தொலைபேசியில் கேட்டேன். பேச்சை மாற்றிவிட்டாள். இந்த வண்டியில் உன் பூட்ஸுக்குக் கதவோரம் இடம் இருக்கிறது.

டாரல் லாரியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். ஆனால், “அண்ணன் சொல்லித்தான் வந்தேன். வேணாம்னும் அவன்தான் சொல்லணும், அண்ணி. இல்லைன்னா மாசக் கடைசியில திரும்ப வருவேன்” என்று சொல்லிவிட்டுத்தான் போனான். அவன் மேல் தப்பில்லை.

வலைக்கயிற்றருகே நிற்கும்போது கவனமாக இரு. கையுறை ஈரமானால் மாற்றிக்கொள். கடவுள் உன் கப்பலை விட்டுக் கண்ணெடுக்காமல் இருக்கட்டும். விற்க வேண்டாம் என்று டாரலுக்கு ஒரு வரி எழுது. எனக்கும் சீக்கிரம் பதில் போடு.

உன்
நோரீன்