போலந்துக் கிழவரின் வேகம்

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. வாங்க வேண்டியது: இட்லி மாவு, கொத்தமல்லி, பல்பு. பியானோவைச் சுருதி பார்க்க அன்வர் பாய்க்கு போன். சனிக்கிழமை காலை அல்சூரிலிருந்து ஓர் அம்மா அதை வாங்க வருகிறார். கொடுக்கிற சாமானை ஒழுங்காகக் கொடுக்க வேண்டும்.

விற்பதில் எனக்கு வருத்தமில்லை என்று அருளிடம் சொன்னேன். சோற்றைப் பிசைந்துகொண்டே, "அப்ப எதுக்கு அதயே காலையிலேருந்து சொல்ற?" என்றார். புருஷன்மாருக்குச் சில நாள் காது நன்றாகக் கேட்கிறது.

மத்தியானம் ரெக்கார்டு. கே.ஜி.எஃப் தங்கவயல் கிளப்பில் கழித்துப் போட்டதை அப்பா தூக்கி வந்த இசைத்தட்டுப் பெட்டி. வழக்கம்போல் அந்தக் காலத்துப் பியானோக்காரர், போலந்துக் கிழவர். இடது கை முதலில் இறங்குகிறது, வலது கை ஒரு மூச்சு தாமதித்து வருகிறது. இப்போது யாரும் அப்படி வாசிப்பதில்லை. ஓரிடத்தில் தப்பான கட்டையைத் தட்டிவிட்டு, கவலையே இல்லாமல் மேலே போகிறார். எனக்கு அந்தத் தப்பும் பிடிக்கும்.

இரண்டாம் பக்கத்தில் அந்த வேகம். அதை எட்டப் போய்த்தான் என் மணிக்கட்டு வீங்கியது. வராத கைக்குப் பியானோ எதற்கு? இடமாவது மிச்சம்.

ஜூலை 9, புதன்

வெயில். துணி காய்ந்தது. பல்பு மறந்தாயிற்று.

அன்வர் பாய் வந்தார். "அரைக்கட்டை எறங்கிப்போச்சு பாய். ரெக்கார்டோட சேர்ந்து வாசிச்சா இடிக்குது, ஏத்திடுங்க" என்றேன். பழைய பியானோ அப்படித்தான் என்று இத்தனை நாள் இருந்துவிட்டேன்.

ட்யூனிங் ஃபோர்க்கைத் தட்டிக் காதில் வைத்தார். மறுபடியும் தட்டினார். "அரே, எங்கம்மா எறங்கியிருக்கு? ரெண்டு கம்பி லூஸ், அவ்ளோதான். ரெக்கார்டப் போடுங்க, கேப்போம்."

போட்டேன். கேட்டார். "பிளேயர் ஜாஸ்தி ஓடுது. அதான் சுருதியும் ஏறுது."

சிரித்தேன். அவர் போன பிறகு சிரிப்பு வரவில்லை. பிளேயரில் தட்டைச் சுழற்றும் புல்லி தேய்ந்துபோனபோது, பீன்யா பட்டறையில் அருளே லேத்தில் பித்தளையில் புதிது கடைந்து கொண்டுவந்தார். கல்யாணமான புதுசு. "பழசு தேஞ்சிருக்கும்ல, அதான் அளவக் கொஞ்சம் கூட்டி வெச்சேன்" என்று பெருமையாகச் சொன்னது நினைவிருக்கிறது. வருகிறவர்களிடமெல்லாம் காட்டியிருக்கிறேன்.

கூட்டிய அளவுக்குக் கிழவர் ஓடியிருக்கிறார். அவர் பின்னால் நான்.

ஜூலை 10, வியாழன்

காபியோடு சொல்லிவிட்டேன். அருள் டம்ளரைக் கீழே வைத்தார். ஸ்க்ரூ டிரைவரை எடுத்துப் புல்லியைக் கழற்றினார். கைக்குட்டையில் சுற்றி டிபன் பையில் வைத்தார். வாசல் வரை போனவர் திரும்பி வந்தார்.

"கையக் காட்டு."

காட்டினேன். வீக்கத்தை அமுக்கிப் பார்த்தார். "டேமேஜ் பண்ணிட்டேனா?"

"சும்மா இருங்க. பஸ் போயிடும்."

நாள் முழுக்கக் கோபம். அவர்மேல் இல்லை. காதை நம்பாமல் என் கையைத் திட்டிக்கொண்டிருந்தேனே, அந்தக் கோபம். டியூஷன் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும்போது எரிந்து விழுந்தேன்.

ஜூலை 12, சனி

மேகமூட்டம். புல்லியைச் சீவி எடுத்து, நேற்று சாயங்காலமே மாட்டிவிட்டார். நான் போட்டுக் கேட்கவில்லை. பயம்.

காலையில் போட்டேன். வேறு ஆள். குரல் கனத்த மாதிரி. அவசரமே இல்லை. வேகம் என்று நினைத்த இடத்தில்கூட ஒவ்வொரு சுரத்தையும் வைத்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போகிறார். முன்பு கேட்டதைவிடப் பெரியவர். இவரைப் போய் விரட்டியிருக்கிறோம்.

பியானோவைத் திறந்தேன். மெதுவாகச் சேர்ந்துகொண்டேன். இடிக்கவில்லை. இரண்டாம் பக்கத்திலும் கூடவே போக முடிந்தது, அங்கங்கே விட்டுவிட்டு. மணிக்கட்டு வலித்தது, நிறுத்தும் அளவுக்கு இல்லை.

அருள் சமையலறை வாசலில் நின்றார். "இதுல யாரு நீ, யாரு அவரு?"

"தப்பா வர்றதெல்லாம் நான்."

"அவருந்தான் ஒண்ணு விட்டாரு."

அழைப்பு மணி. அல்சூர் அம்மா. எழுந்திருக்கத்தான் நினைத்தேன், கை நிற்கவில்லை. அருள் போய்க் கதவைத் திறந்தார்.

"சாரி மேடம், குடுக்கறதுக்கில்ல. அவங்க வாசிச்சிட்டிருக்காங்க."